நாலு விரல் வெளியே நின்ற சில்லுகள்

தம்பி சுவிஸுக்குப் போனபோது தன் காரைக் கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டுப் போனான். கிழமைக்கு ஒருமுறை இயக்கி, கால் மணித்தியாலம் ஓடவிட்டு அணைத்தால் போதும் என்றான். சின்ன ஜப்பான் கார். அவன் வாங்கும்போது வெள்ளையாக, அடக்கமாக இருந்தது. நாலு வருடத்தில் அதை மஞ்சளாக்கி, தரையோடு தரையாகத் தாழ்த்தி, புகைக்குழாயை மாற்றி, கடைசியில் சில்லுகளையும் மாற்றிவிட்டான். புதுச் சில்லுகள் மட்கார்ட்டுக்குள் அடங்கவில்லை. இரண்டு பக்கமும் நாலு விரல் அகலத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அதை மூடுவதற்குள் அவனுக்கு விசா வந்துவிட்டது.

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. தேற்றாத்தீவுப் பக்கத்தில் இருக்கிறது பாடசாலை. மாரி தொடங்கிய கிழமை என் ஸ்கூட்டி பழுதானது. இரண்டு நாள் பஸ்ஸில் போனேன். மூன்றாம் நாள் பஸ் என்னைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் போனது. வீட்டுக்குத் திரும்பி நடந்து, காரின் திறப்பை எடுத்தேன்.

அந்தக் காரிலிருந்து சாறியோடு இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் இரண்டு காலையும் வெளியே வைத்து, கதவைப் பிடித்து, கிணற்றிலிருந்து ஏறுவதுபோல எழும்ப வேண்டும். முதல் நாள் இது எனக்குத் தெரியாது. பாடசாலை வாசலில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து, பாதி வழியில் அப்படியே இருந்துவிட்டேன். அதிபர் குடையோடு ஓடி வந்து கை தந்தார். மூன்றாம் நாள் அதே வாசலில், அதே அதிபரின் வெள்ளைச் சட்டையில், தேங்கிக் கிடந்த செம்மண் தண்ணீரைக் கழுத்துவரை அடித்தேன். நான் வேகமாகப் போகவில்லை. வெளியே நிற்கும் சில்லுக்கு வேகம் தேவையில்லை. மட்கார்ட் தடுக்க வேண்டிய தண்ணீர் முழுவதையும் அது வாளியில் அள்ளி ஊற்றியதுபோல ஊற்றிவிடும்.

அதிபர் சட்டையை ஒருதரம் குனிந்து பார்த்தார். அன்று முழுவதும் அதே சட்டையோடு ஒவ்வொரு வகுப்பாக வந்து போனார்.

அடுத்த நாள் ஆரையம்பதிக்குக் கிட்டப் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசினார். அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தார். பிறகு காரின் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையை மட்கார்ட்டின் விளிம்போடு ஒட்டி, நேராகக் கீழே இறக்கினார். விரல்கள் டயரில் போய் இடித்தன. மற்றச் சில்லுகளுக்கும் அப்படியே செய்தார். நாலு தரமும் இடித்தது.

"மிஸ், டயர் வெளிய நிக்குது."

"தெரியும் சேர்."

"ஒண்டு, டயர் உள்ள போகணும். இல்லாட்டி, பாடி வெளிய வரணும். ரெண்டு கிழமை தாறன்."

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் உன்னிச்சைப் பக்கத்து வட்டையில் வயல் செய்பவர். டிராக்டரைத் தவிர மற்ற வாகனங்களை அவர் முழு வாகனமாகக் கணக்கெடுப்பதில்லை.

"பழைய சில்ல மாட்டு. அதோட முடிஞ்சுது" என்றார்.

தம்பிக்கு அழைப்பு எடுத்தேன். அங்கே ஏதோ சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றான். சொன்னதும் பாத்திரச் சத்தம் நின்றது.

"பழைய சில்ல வித்துட்டன் அக்கா. இருந்தாலும் இதைக் கழட்டாதீங்க. ஒரு நல்ல ஃப்ளேரா பாத்துப் போடுங்க."

"அது என்னடா?"

மட்கார்ட்டின் விளிம்பில், சில்லுக்கு மேலே, கண்ணுக்கு இமைபோல வெளியே நீட்டிப் பொருத்தும் வளைவுதான் ஃப்ளேர் என்று விளங்கப்படுத்தினான். சிலதில் திருகாணித் தலைகள் வெளியே தெரியுமாம். சிலது காரோடு காராக இழைந்து கிடக்குமாம்.

"யோசிச்சுத் தெரிவு செய்யணும் அக்கா. அதுதான் காரின்ட முகம்."

"முகமெண்டா முன்னுக்கெல்லோ இரிக்கணும். இது பக்கத்தில கிடக்கு."

"உங்களுக்கு விளங்காது" என்றான். அன்று பின்னேரமே நாற்பது படங்கள் வந்து சேர்ந்தன. எல்லாம் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிந்தன. அவனுக்குப் பிடித்ததாக அவன் குறித்து அனுப்பியதை, இணையத்தில் பொருள் விற்கும் ஒரு கடையில் தேடிப் பிடித்து, கட்டளை கொடுத்தேன். படத்தில் நாலு வளைவுகள், கறுப்பு, திருகாணிகளும் கூடவே.

ஐந்தாம் நாள் பொதி பாடசாலைக்கே வந்தது. சவர்க்காரப் பெட்டியளவு இருந்தது. ஆசிரியர் அறையில் எல்லாரும் சூழ நின்று பார்க்க அதைப் பிரித்தேன். உள்ளே நாலு வளைவுகள். கறுப்பு. ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை. ஒவ்வொன்றும் என் பெருவிரல் நீளம். கடுகளவு திருகாணிகளைத் தனியே ஒரு பையில் போட்டிருந்தார்கள். ரிமோட்டில் ஓட்டும் விளையாட்டுக் காருக்கான சாமான்.

"படத்தில சரியாத்தான் இரிந்திச்சு" என்றான் தம்பி.

"படத்தில எல்லாம் ஒரே அளவுதான்டா."

அதன் பிறகுதான் டவுனில் வாவிக்கரையோரம் டிங்கரிங் செய்யும் பாஸிடம் போனேன். பறங்கியர். டியூஷனில் எனக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்தவர். கார்த் தகட்டைத் தட்டி நிமிர்த்துவதில் அவரை விட்டால் ஆளில்லை என்று தம்பி சொல்வான். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் என்ன வேண்டும் என்று திட்டமாகச் சொல்லாமல் சுத்தியலைத் தொடமாட்டார்.

"என்ன மாதிரி வேணும் டீச்சர்?"

"சில்ல மூடினாச் சரி."

"மூடுறதெண்டா சாக்கும் மூடும். வளைவு ஒடுங்கலா, அகலமா, விளிம்பு மடிஞ்சா, கூரா? நீங்க சொல்லுங்க. நான் செஞ்சு முடிஞ்ச மறுகா வந்து, இது வேணாமெண்டா நான் என்ன செய்யிறது?"

"பாஸ், நான் மூணாம் வகுப்புப் படிப்பிக்கிறவ."

"அப்ப வெட்டி ஒட்டிக் கொண்டு வாங்க."

அவர் பகிடியாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது. நான் பகிடியாக எடுக்கவில்லை. இரண்டு பிரிஸ்டல் போர்ட் வாங்கி, ஆறு விதமான வளைவுகளை வெட்டி, வாட்டர் கலரில் மஞ்சள் பூசினேன். அந்தக் கிழமை மழை விட்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு விதமாக டேப்பால் காரில் ஒட்டி, பாடசாலைக்கு ஓட்டிப் போய், தூர நின்று பார்ப்பேன். அகலமானது அசிங்கமாக இருந்தது. ஒடுங்கலானது கஞ்சத்தனமாக இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். எல்லாவற்றிலும் பெரியதுக்கு எல்லாரும் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

கெடு முடிந்த நாள் அந்தப் பொலிஸ்காரர் அதே இடத்தில் நின்றார். குந்தினார். பிரிஸ்டல் போர்ட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து நேராக இறக்கினார். கை எங்கும் இடிக்காமல் தரையைத் தொட்டது. நாலு பக்கமும் தொட்டது.

"சரி மிஸ். இப்ப பிரச்சினை இல்லை."

நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தபோது தூறல் போடத் தொடங்கியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் மஞ்சள் நிறம் கோடு கோடாக டயரில் வழிந்தது. பிறகு முன்பக்கத்து வளைவு மெல்லத் தலையைக் குனிந்து, சில்லின் மேல் சாய்ந்து படுத்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மிஸ், இது என்ன சாமான்?"

"பிரிஸ்டல் போர்ட் சேர்."

அவர் சிரிக்கவில்லை. நன்றாக யோசித்தார். "என்ன சாமானில செய்யணும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல. ஆனா மழையிலயும் இருக்கணும் தானே. இன்னும் ரெண்டு கிழமை தாறன்."

இதற்குள் எனக்கு ஒரு வியாதி பிடித்துவிட்டிருந்தது. வீதியில் போகிற எந்த வாகனத்திலும் சில்லுக்கு மேலே உள்ள வளைவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படுவதில்லை. பஸ்ஸின் வளைவு, தண்ணீர் பவுசரின் வளைவு, அம்புலன்ஸின் வளைவு. கணவர் வயல் கதை சொல்லும்போது நான் டிராக்டரின் மட்கார்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தம்பி அனுப்பிய அந்த நாற்பது படங்களும் ஒரே மாதிரி இல்லை என்பது இப்போது தெரிந்தது. அவற்றில் முப்பத்தெட்டு பிழை என்றும் தெரிந்தது.

அந்த நாட்களில் எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவரின் தகப்பனார் காலமானார். செத்தவீட்டுக்குப் போனேன். பிரேதத்தை எடுத்துச் செல்ல மலர்ச்சாலை வண்டி வந்து வாசலில் நின்றது. கறுப்பு நிறத்தில் பழைய நீளமான கார். அதன் பின்சில்லுக்கு மேலே நான் தேடித் திரிந்த வளைவு இருந்தது. அகலமுமில்லை, ஒடுங்கலுமில்லை. தகட்டிலிருந்து எப்போது பிரிந்தது என்று தெரியாமல் பிரிந்து, சில்லை மூடி, விளிம்பில் உள்ளே மடிந்து போயிருந்தது. எல்லாரும் வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் வெளியே அந்த வண்டியருகில் முழந்தாளிட்டு, சாணால் அதை அளந்தேன். பிறகு விளிம்பின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பதற்காக நெற்றியைத் தகட்டில் சாய்த்துக் கையை உள்ளே விட்டேன்.

ஒரு கை என் தோளில் விழுந்தது. நான் அறியாத ஒரு அம்மா.

"அழாதீங்க புள்ள. மனிசன் நல்லா வாழ்ந்துதான் போயிரிக்காரு."

எழும்பினேன். அவர் என்னைக் கட்டிப் பிடித்தார். ஒருவர் அப்படி இறுக்கிப் பிடித்து முதுகைத் தடவும்போது கண் தானாகக் கலங்கிவிடுகிறது. உண்மையாகவே அழுதேன். அதைப் பார்த்து அவரும் அழுதார். ஒரு கிழமை கழித்து அந்த ஆசிரியை என் கையைப் பிடித்து, "வண்டியில தலைய வெச்சு நீங்க அழுதத எங்கட வீட்டில எல்லாரும் சொல்லிச் சொல்லிக் கதைக்கிறாங்க டீச்சர்" என்றார். அவருக்கு நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை. அவர் தகப்பனாரை நான் ஒரே ஒரு தடவைதான் கண்டிருந்தேன்.

செத்தவீட்டிலிருந்து நேரே பாஸிடம் போனேன்.

"பாஸ், செத்தவீட்டு வண்டியில இரிக்கிற மாதிரி வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தான் டீச்சர் ஒழுங்கான பதில் சொல்லியிரிக்கீங்க. ஆனா வாயால சொன்னாக் காணாது. அச்சு எடுக்கணும். வண்டி இஞ்ச வரணும்."

மலர்ச்சாலை முதலாளியிடம் நானே போய்க் கேட்டேன். வண்டியின் கதவில் ஒரு நசுங்கல் இருந்தது. அதைப் பாஸ் சும்மா நிமிர்த்தித் தருவார் என்ற பேச்சில் அவர் சம்மதித்தார். "ஒரு காலமை தாறன். அதுக்குள்ள ஊரில ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாம இருந்தாச் சரி" என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தக் கறுப்பு வண்டி சாரதியோடு வந்து, பாஸின் முற்றத்தில் எங்கள் மஞ்சள் காருக்குப் பக்கத்தில் நின்றது. முற்றத்துக்குப் பின்னால்தான் பாஸின் வீடு. நான் பழைய தவணைப் பரீட்சைத் தாள்களை ஒரு கட்டும், காய்ச்சிய கோதுமைமாப் பசையும் கொண்டு போயிருந்தேன். வண்டியின் வளைவை மெழுகுத்தாளால் மூடி, பரீட்சைத் தாள்களைக் கீலம் கீலமாகக் கிழித்து, பசை தடவி, அதன் மேல் ஒட்டுவது என் வேலை. காய்ந்ததும் கழற்றினால் அச்சு. பிறகு அதை வைத்துப் பாஸ் ஃபைபரில் வளைவு செய்வார்.

இடப்பக்கம் முடித்து, அதைப் பாஸின் மனைவியின் தலைமயிர் உலர்த்தியால் காயவைத்துக் கழற்றினோம். வலப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பேசாமல் பாஸின் கையைப் பிடித்து அழுத்தினார். பாஸின் கையெல்லாம் பசை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னால் கோயில் பாடகர் குழுவில் பாடும் மூன்று பெண்கள் செபமாலையோடு வந்தார்கள். பிறகு இன்னும் ஏழெட்டுப் பேர். ஒருவர் மெழுகுதிரிப் பெட்டி கொண்டு வந்திருந்தார்.

பாஸின் மாமியார் ஒரு மாதமாகச் சுகமில்லாமல் உள்ளே படுக்கையில் கிடந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். வாசலில் மலர்ச்சாலை வண்டி நிற்பதைக் கண்டு தெரு முழுவதும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டது. பாஸ் வாயைத் திறக்க முன்பே பாடகர் குழுப் பெண்கள் பாடத் தொடங்கினார்கள். அவருக்குத் தேவபயம் அதிகம். தேவபாட்டை இடையில் நிறுத்துவது பாவம் என்று நினைத்து, தலையைக் குனிந்து நின்றார். நானும் குனிந்தேன். கையில் பசைச் சட்டி.

இரண்டாவது அடி பாடும்போது கதவு திறந்தது. மாமியார் நைட்டியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஆரு செத்த?"

பாட்டு நின்றது. மெழுகுதிரிக்காரர் பெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மாமியார் வண்டியைப் பார்த்தார், வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. என்னால் ஒரு உயிர் போகப்போகிறது என்று நினைத்தேன்.

"ஒரு கதிரை கொண்டு வாங்க" என்றார்.

கதிரை வந்தது. முற்றத்தின் நடுவில் அதில் அமர்ந்து, வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மகளைக் கூப்பிட்டு எல்லாருக்கும் தேத்தண்ணி போடச் சொன்னார்.

"ஆராரெல்லாம் வந்திரிக்கிற எண்டு பாப்பம். என்ட தம்பி பொண்சாதி எங்க? வரல்லயா?"

"அவக்கு இன்னும் தெரியாது அன்ரி" என்றது ஒரு குரல்.

"தெருவுக்கே தெரிஞ்சிரிக்கு. அவக்குத் தெரியாதாம். சரி, பாட்டை ஏன் நிப்பாட்டினீங்க? மிச்சத்தையும் பாடுங்க."

பாடினார்கள். அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். மூன்றாவது அடியில் சுருதி இறங்கிவிட்டது என்று திருத்தம் சொன்னார். ஒரு மாதமாகக் கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்காதவர் அன்று இரண்டு பிஸ்கட் சாப்பிட்டதாகப் பாஸின் மனைவி பிறகு சொன்னார். அந்தக் கிழமையே எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். தன் தம்பியின் மனைவியோடு மட்டும் அவருக்கு இன்றுவரை பேச்சில்லை.

பாட்டு முடிவதற்கும் சாரதியின் தொலைபேசி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. டவுனில் வேறொரு வீட்டில் உண்மையாகவே ஒருவர் காலமாகிவிட்டார். வலப்பக்கத்து அச்சு காயவில்லை. கழற்றினால் கிழியும்.

"நேரமில்ல டீச்சர், அப்படியே போறன்" என்று சாரதி வண்டியை எடுத்தார். வலது பின்சில்லின் மேல் மூன்றாம் வகுப்புக் கணிதத் தாள்கள் ஒட்டியபடி வண்டி தெருவில் கிறுகித் திரும்பியது. ஏழு தர எட்டு ஐம்பத்து நாலு என்று ஒரு பிள்ளை எழுதியதும், அதன் மேல் நான் போட்ட சிவப்புப் பிழையும் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கோலத்தில்தான் அது அன்றைய ஊர்வலத்தின் முன்னால் போனதாம்.

ஒரு பக்கத்து அச்சே பாஸுக்குப் போதுமாக இருந்தது. மற்றதைக் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பிச் செய்தார். நாலு வளைவும் பத்து நாளில் பொருந்தி, மஞ்சளும் பூசி முடிந்தது. பாஸ் துணியை இழுத்துக் காட்டினார். அந்த வளைவுகள் அந்தக் காரிலேயே பிறந்ததுபோல இருந்தன. சுற்றிச் சுற்றி மூன்று தரம் நடந்தேன். கணவரும் வந்திருந்தார். குனிந்து, கையால் தடவி, "டிராக்டருக்கும் இப்படி ஒண்டு போடலாம்போல" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

கெடு நாளில் பொலிஸ்காரர் குந்திக் கையை இறக்கினார். இடிக்கவில்லை. பிறகு விரல் முட்டியால் தட்டினார்.

"ஃபைபர் சேர்" என்றேன்.

தன் மோட்டார் சைக்கிளிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, வளைவின் மேல் பாதியை ஊற்றி, கொஞ்ச நேரம் காத்து நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. மிச்சப் பாதியையும் ஊற்றினார். "நல்லது மிஸ்" என்று சொல்லிவிட்டு, வெறும் போத்தலோடு போனார்.

தம்பிக்கு வீடியோவில் காட்டினேன். பின்னால் போகச் சொன்னான், பக்கமாகப் போகச் சொன்னான், தாழ்த்திப் பிடிக்கச் சொன்னான்.

"அக்கா, இது எந்த நாட்டு டிசைன்?"

"உள்ளூர்தான்."

"நான் பாத்த நாற்பதில ஒண்டும் இதுக்குக் கிட்ட நிக்காது."

எங்கிருந்து எடுத்தது என்று அவனுக்குச் சொல்லவில்லை. அவன் படத்தைத் தன் கூட்டாளிமாரின் குழுவில் போட்டான். டவுனில் இரண்டு பெடியன்கள் அதே வளைவு கேட்டுப் பாஸிடம் வந்தார்கள். அச்சு இருப்பதால் மலர்ச்சாலை வண்டி மறுபடி வரத் தேவையில்லை. பாஸின் மாமியாருக்குத்தான் அதில் கொஞ்சம் கவலை.

போன மாதம் தம்பி அழைப்பெடுத்தான். அங்கே அவனுக்கு வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. சந்தோசமான செய்தி. கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு, இனி ஊருக்குத் திரும்பி வர நாளாகும், காரை நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள் அக்கா என்றான். கேட்டு ஆள் வந்திருக்கிறதாம்.

"ஆருக்கும் குடுக்க ஏலாது" என்றேன்.

"ஏன்?"

"நான் அதில பள்ளிக்கு ஓடுறனெல்லோ."

"ஸ்கூட்டி திருத்தியாச்சு எண்டு அத்தான் சொன்னாரே."

"அது மழைக்குச் சரிவராது."

"அக்கா, இப்ப மழை இல்லயே."

இல்லைதான். பங்குனி வெயில் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நான் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சாக்குத்துணியை நனைத்துக் காரின் பின்சில்லு வளைவின் மேல் போட்டேன். வெயிலில் ஃபைபர் நிறம் மங்கும் என்று பாஸ் சொல்லியிருக்கிறார்.

"என்னக்கா சத்தம்?" என்றான் தம்பி.

"ஒண்டுமில்ல. நீ சாப்பிட்டயா?" என்றேன்.